‘பிளாக் ஹாக் டவுன்’ நல்ல படமா? மகனோடு பார்க்கலாமா?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. ‘பிளாக் ஹாக் டவுன்’ படத்தை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், ஆனால் பார்த்தால் யார் யாரென்றே தெரியவில்லை, கடைசிவரை ஒரே துப்பாக்கிச் சத்தம், இது உண்மையிலேயே நல்ல படம்தானா என்பது ஒன்று. பிளஸ் டூ படிக்கும் மகன் ராணுவத்தில் சேர ஆசைப்படுகிறான், அவனோடு உட்கார்ந்து பார்க்கலாமா என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: நல்ல படம்தான். ராணுவ மீட்பு நடவடிக்கை பற்றி வந்த படங்களில் நான் அதிக முறை பார்த்தது இதைத்தான். ஒரு தடவை நோட்டில் பென்சிலால் தெருக்களை வரைந்துகொண்டே பார்த்தேன். ஆனால் படம் இவ்வளவு நன்றாக எடுக்கப்பட்டிருப்பதாலேயே அதில் விடுபட்டவை எனக்கு உறுத்துகின்றன. மோசமான படத்தை யாரும் வரலாறு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இதைப் பார்த்தவர்கள் இப்படித்தான் நடந்தது என்று நம்பிவிடுகிறார்கள். இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

நடந்தது என்ன என்று தெரிந்தால்தான் படத்தை எடைபோட முடியும். இடம் சோமாலியாவின் தலைநகர் மொகதிசு. நாள் 1993 அக்டோபர் 3, ஞாயிற்றுக்கிழமை. முகமது ஃபாரா ஐடீத் என்ற சோமாலிய ஆயுதக் குழுத் தளபதியின் இரண்டு முக்கிய ஆட்கள் பக்காரா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கட்டிடத்தில் கூடுகிறார்கள் என்று தகவல் வந்தது. அவர்களைப் பிடிக்க அமெரிக்கா 160 பேரையும், விமானமும் ஹெலிகாப்டரும் சேர்த்து 19-ஐயும், 12 வண்டிகளையும் அனுப்பியது. அதிகபட்சம் ஒரு மணி நேர வேலை என்று கணக்கு. தேடிப்போன இருவரும் சிக்கினார்கள். ஆனால் மாலை 4.20 அளவில் ஒரு பிளாக் ஹாக் ஹெலிகாப்டரை ராக்கெட் குண்டு வீழ்த்தியது. இருபது நிமிடத்தில் இன்னொன்று விழுந்தது. உள்ளே போனவர்கள் வெளியே வர மறுநாள் காலை ஆகிவிட்டது. அந்தச் சண்டையில் 18 அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். இறந்த சோமாலியர்கள் 300 என்பதிலிருந்து ஆயிரத்துக்கு மேல் என்பது வரை கணக்குகள் இருக்கின்றன. மார்க் பௌடன் என்ற பத்திரிகையாளர் இதை விசாரித்து 1999-ல் புத்தகமாக்கினார். ரிட்லி ஸ்காட் அதை 2001-ல் படமாக்கினார்.

படத்தின் மிகப் பெரிய பலம் அதன் எலும்புக்கூடு. பெரும்பாலான மீட்புப் படங்களில் மாட்டிக்கொண்டவர் ஒருவர், காப்பாற்றப் போகிறவர் இன்னொருவர், கடைசியில் இருவரும் சேர்ந்து வெளியே வருவார்கள். இங்கே காப்பாற்றப் போகிறவர்களே காப்பாற்றப்பட வேண்டியவர்கள் ஆகிக்கொண்டே போகிறார்கள். முதலில் ஒரு பையன் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கும்போது பிடி தவறி விழுகிறான். அவனை அனுப்பிவைக்க மூன்று வண்டிகளைப் பிரிக்கிறார்கள். அப்புறம் முதல் ஹெலிகாப்டர் விழுகிறது. அங்கே போகிற ஆட்கள் சுடப்படுகிறார்கள். அவர்களைத் தூக்கப் போகிறவர்கள் சுடப்படுகிறார்கள். ஒவ்வொரு முடிவும் அந்த நிமிடத்துக்குச் சரியான முடிவு, எல்லாம் சேர்ந்து பேரிழப்பு. மீட்பு நடவடிக்கையின் உண்மையான கணக்கு இதுதான். இதை இவ்வளவு பொறுமையாக, ஒரு கண்ணி விடாமல் காட்டிய வேறு படத்தை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது ஹெலிகாப்டர் விழும் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று விழுந்தால் என்ன செய்வது என்று திட்டம் இருந்தது. அதற்கென்றே ஒரு மீட்புக் குழு மேலே தயாராகச் சுற்றிக்கொண்டிருந்தது. முதல் ஹெலிகாப்டர் விழுந்ததும் அவர்கள் அங்கே இறங்கிவிட்டார்கள். அதனால் மைக் டூரன்ட் ஓட்டிய இரண்டாவது ஹெலிகாப்டர் தெற்கே விழுந்தபோது அனுப்ப இன்னொரு குழு இல்லை. மேலே பறந்துகொண்டிருந்த கேரி கார்டன், ராண்டி ஷுகார்ட் என்ற இரண்டு டெல்டா வீரர்கள் (டெல்டா என்பது அமெரிக்க ராணுவத்தின் ரகசியச் சிறப்புப் படை), எங்களை இறக்கிவிடுங்கள் என்று கேட்கிறார்கள். தரைவழியாக உதவி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மேலதிகாரிகள் மறுக்கிறார்கள். இருவரும் திரும்பக் கேட்கிறார்கள். உண்மையில் மூன்றாவது முறை கேட்ட பிறகுதான் அனுமதி கிடைத்தது. படத்தில் இந்த இடத்தில் வீர வசனம் கிடையாது, இசையை ஏற்றிவிடவும் இல்லை. வானொலியில் கேள்வி, பதில், மறுபடியும் ஒரு கேள்வி, அவ்வளவுதான். இருவரும் இறங்கி, டூரன்டை இடிபாட்டிலிருந்து வெளியே எடுத்து, கையில் துப்பாக்கி கொடுத்து, சாகும் வரை சண்டை போடுகிறார்கள். டூரன்ட் பிடிபட்டு 11 நாள் கழித்து விடுவிக்கப்பட்டார். எனக்கு இந்தப் படத்தின் உச்சம் சண்டைக் காட்சிகளைவிட அந்த வானொலி உரையாடல்தான்.

அடுத்து ஜேமி ஸ்மித் என்ற இளம் சிப்பாய் இறக்கும் காட்சி. தொடையின் மேற்பகுதியில் குண்டு பாய்ந்து பெரிய ரத்தக் குழாய் அறுந்துவிட்டது. அந்தக் குழாய் எப்போதும் இழுவிசையோடுதான் இருக்கும். அறுந்தால் ரப்பர் மாதிரி சுருங்கி இடுப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அதைத் தேடிப் பிடித்துக் கிளிப் போட்டால்தான் உயிர் பிழைக்கும். வலி தெரியாமல் இருக்க மார்ஃபின் கொடுத்தால் இதயத் துடிப்பு மிகவும் குறைந்துவிடும் என்பதால் அதுவும் கொடுக்க முடியாது. மருத்துவச் சிப்பாய் காயத்துக்குள் கை விட்டுத் தேடுகிறான். நண்பன் ஸ்மித்தை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறான். ஒரு நொடி பிடி கிடைக்கிறது, நழுவிவிடுகிறது. மங்கலான வெளிச்சம், தரையெல்லாம் ரத்தம், அந்தப் பையன் வலியிலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறான். இவனை ஏற்றிக்கொள்ள ஒரு ஹெலிகாப்டர் அனுப்புங்கள் என்கிறார்கள். அனுப்பினால் அதுவும் விழும் என்று தளபதி மறுக்கிறார். ஒருவனுக்காக இன்னும் பத்துப் பேரைப் பணயம் வைக்க முடியாது. மேலே சொன்ன கணக்கு இங்கே ஒரு முகத்தோடு வந்து நிற்கிறது. பல படங்களில் காயம் என்றால் தோளில் ஒரு சிவப்புப் பொட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஹீரோ எழுந்து ஓடுவார். இந்தப் படம் காயத்தை அப்படி விட்டுவிடவில்லை. மொகதிசுவில் இறந்தவர்கள் எப்படி இறந்தார்கள் என்பதைப் பின்னால் ராணுவ மருத்துவர்கள் விரிவாக ஆராய்ந்தார்கள். ரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப் பட்டை ஒவ்வொரு சிப்பாயின் பையிலும் வருமளவுக்குப் போர்க்கள முதலுதவி முறை அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாறியது. ஸ்மித்துக்கு வந்த மாதிரி காயத்தில் கால் முடிந்து இடுப்பு தொடங்குகிற இடம் என்பதால் அந்தப் பட்டையும் பிடிக்காது. அதற்கென்று தனிக் கருவிகள் பின்னால்தான் வந்தன.

ஒலியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. படத்துக்கு இரண்டு ஆஸ்கர் கிடைத்தன, ஒன்று எடிட்டிங்குக்கு, இன்னொன்று ஒலிக்கு. இரண்டும் தகுதியானவை. நெல்சன் என்ற சிப்பாயின் காதுக்குப் பக்கத்தில் இன்னொருவன் இயந்திரத் துப்பாக்கியை வைத்துச் சுட்டுவிடுகிறான். அத்தோடு நெல்சனுக்குக் காது போய்விடுகிறது. அதன்பிறகு அவனுக்கு எதைச் சொன்னாலும் கத்திச் சொல்ல வேண்டும், அவனும் பதிலுக்குக் கத்துவான். ஒளிந்துகொண்டிருக்கும் இடத்தில் கத்துவது எவ்வளவு ஆபத்து என்று தனியாக யாரும் விளக்கத் தேவையில்லை. தோட்டா காற்றைக் கிழித்துப் போனால், தகரத்தில் பட்டால், சுவரில் பட்டால் என்று ஒவ்வொரு சத்தமும் வேறுவேறாகக் கேட்கும். டி.வி. ஸ்பீக்கரில் பார்த்தால் இதெல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். உங்களுக்கு ‘ஒரே துப்பாக்கிச் சத்தம்’ என்று தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நல்ல ஹெட்போன் போட்டு ஒரு பதினைந்து நிமிடம் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஒளிப்பதிவு செய்தவர் போலந்துக்காரரான ஸ்லாவோமிர் இட்ஜியாக். போலந்து இயக்குநர் கீஷ்லோவ்ஸ்கியின் படங்களில் பச்சை, நீல ஃபில்டர்களை வைத்து மனித முகத்தின் மனநிலையையே மாற்றிக் காட்டியவர். போர்ப் படத்துக்கு அப்படி ஒருவரைக் கூப்பிட்டதே ஸ்காட்டின் துணிச்சல். பகலில் தூசி மஞ்சள், இரவில் கலங்கிய பச்சை. நேரம் போவதை அந்த நிறங்களை வைத்தே உணர முடியும்.

கிளம்புவதற்கு முன் முகாமில் வரும் சில நிமிடங்களையும் கவனியுங்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம் என்று இரவில் பார்க்கும் கருவியை ஒருவன் விட்டுவிட்டுப் போகிறான். முதுகுப் பக்கத்து இரும்புத் தகட்டை உருவிப் போடுகிறான் இன்னொருவன். தண்ணீர் எதற்கு என்கிறார்கள். படம் இதற்கெல்லாம் அழுத்தம் கொடுக்காமல் நகர்ந்துவிடும். இரவு பத்து மணிக்கு அவர்கள் தாகத்தோடு இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது நமக்கு ஞாபகம் வரும். கவச வண்டிகளும் பெரிய தாக்குதல் விமானங்களும் கேட்டு வாஷிங்டன் கொடுக்கவில்லை என்பதும் ஒரு வரியில் வந்து போகிறது. நிஜத்தில் அந்த மறுப்பு பெரிய விவகாரமாகி, பாதுகாப்பு அமைச்சர் லெஸ் ஆஸ்பின் பதவி விலகுவதில் போய் முடிந்தது. படம் அந்தப் பக்கம் போகவில்லை.

வண்டிகள் வழி தெரியாமல் அலையும் பகுதி பலருக்குக் குழப்பமாக இருக்கிறது. மேலே ஒரு உளவு விமானம் தெருக்களைப் பார்க்கிறது. அது பார்த்ததைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும், அங்கிருந்து மேலே பறக்கும் தளபதிக்கு, அவரிடமிருந்து வண்டிக்கு. ‘இடது பக்கம் திரும்பு’ என்ற சொல் வந்து சேர்வதற்குள் வண்டி அந்தத் தெருவைத் தாண்டிவிட்டது. அடுத்த தெருவில் திரும்பினால் மறுபடியும் துப்பாக்கிச் சூடு. எல்லாவற்றையும் மேலேயிருந்து பார்க்க முடிகிறது, ஆனால் கீழே இருப்பவனுக்கு அதில் ஒன்றும் பயனில்லை. இந்தப் பகுதியைத் திரைக்கதையில் இன்னும் ஒரு நிமிடம் விளக்கியிருக்கலாம். தெரிந்தவர்களுக்கு அற்புதம், தெரியாதவர்களுக்குப் புழுதி.

யார் யாரென்று தெரியவில்லை என்ற உங்கள் குறை நியாயமானதுதான். புத்தகத்தில் வரும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் குறைத்து நாற்பது பேர் அளவுக்குக் கொண்டுவந்தும் அதிகமாகத்தான் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே மொட்டைத் தலை, ஒரே சீருடை, ஒரே அழுக்கு. ஸ்காட்டுக்கும் இது தெரிந்திருந்தது. அதனால்தான் ரேஞ்சர்கள் என்ற அமெரிக்கக் காலாட்படை வீரர்களின் ஹெல்மெட்டில் பெயரை எழுதிவைத்தார். நிஜத்தில் அப்படி எழுதும் வழக்கம் இல்லை. அந்தப் பையன்களில் யாருக்கும் ஒரு வீடு, ஒரு பழைய கதை, ஒரு குணம் என்று தங்குவதில்லை. ஒருவனுக்குக் காபி போடத் தெரியும், ஒருவன் படம் வரைவான், அதோடு சரி. இதனால் சிலர் இறக்கும்போது நமக்கு வருத்தத்துக்கு முன்னால் ‘இவன் யார்’ என்ற கேள்விதான் வருகிறது. இறந்தவர்களுக்கு மரியாதை செய்ய எடுத்த படத்தில் இது சின்னக் குறை இல்லை.

இந்தப் படத்தின் பலம் பலவீனம் இரண்டும் ஒரே முடிவிலிருந்து வருகின்றன என்பதுதான் என் கருத்து. கேமராவை அமெரிக்கச் சிப்பாயின் தோளை விட்டு இறக்குவதில்லை என்ற முடிவு. அதனால்தான் அந்தக் குழப்பம் நமக்கும் தொற்றுகிறது. அதனால்தான் எதிரே இருப்பவர்கள் வெறும் ஓடிவரும் உருவங்களாகத் தெரிகிறார்கள். படத்தை விரும்புகிறவர்கள் சொல்லும் சமாதானமும் இதுதான்: சிப்பாய்க்கு என்ன தெரியுமோ அதைத்தானே காட்ட முடியும்? பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் வாதாடினேன். பிறகு உன்னிப்பாகப் பார்த்தபோது அந்தச் சமாதானம் நிற்கவில்லை. ஏனென்றால் படம் அந்த விதியைத் தானே பல இடங்களில் மீறுகிறது. கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. விமான நிலையத்துக்கு மேலே உள்ள மேட்டில் ஒரு சோமாலியச் சிறுவன் செல்போனைத் தூக்கி ஹெலிகாப்டர் சத்தத்தை ஊருக்குள் இருப்பவர்களுக்குக் கேட்க வைப்பதைக் காட்டுகிறது. டயர் எரிப்பவர்களைக் காட்டுகிறது. ஆக, சோமாலியர் பக்கம் கேமரா போகிறது, அவர்கள் ஆயுதம் எடுக்கும்போது மட்டும் போகிறது.

அந்த ஊரே ஏன் திரண்டு வந்தது? படத்தின் தொடக்க எழுத்துகள் பஞ்சத்தைச் சொல்கின்றன, 1993 ஜூன் 5-ல் ஐ.நா. படையைச் சேர்ந்த 24 பாகிஸ்தான் வீரர்கள் கொல்லப்பட்டதைச் சொல்கின்றன. ஜூலை 12-ஐச் சொல்லவில்லை. அன்று ஐடீத்தின் ஹபர் கிதிர் குலத்துப் பெரியவர்கள் கூடியிருந்த ஒரு வீட்டின் மேல் அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஏவுகணை வீசின. 54 பேர் இறந்ததாகச் செஞ்சிலுவைச் சங்கம் கணக்குச் சொன்னது. செய்தி சேகரிக்கப் போன நான்கு பத்திரிகையாளர்களைக் கோபத்தில் இருந்த கூட்டம் அடித்துக் கொன்றது. அதுவரை ஐடீத்தைப் பிடிக்காதவர்களும் அன்றைக்குப் பிறகு அமெரிக்கர்களுக்கு எதிராகத் திரும்பினார்கள். தாழப் பறக்கும் ஹெலிகாப்டர்களின் காற்றில் சந்தைக் கடைகளின் தகரக் கூரைகள் பிய்த்துக்கொண்டு போன கதைகளும் இருக்கின்றன. பௌடன் 1997-ல் மொகதிசுவுக்கே போய் அங்கிருந்தவர்களிடம் கேட்டு இதையெல்லாம் எழுதினார். அவர் புத்தகத்தில் துப்பாக்கி எடுத்த சோமாலியனுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு மிச்சத்தைப் படமாக்கியது மாதிரி இருக்கிறது. ஒரே ஒரு வரி, தொடக்க எழுத்துகளில் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் முழுப் படமும் வேறாக இருந்திருக்கும்.

படத்துக்கு அதற்கான திறமை இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு சோமாலியச் சிறுவன் சிப்பாயைக் குறிவைத்துச் சுடும்போது சிப்பாய் வழுக்கி விழ, குண்டு சிறுவனின் அப்பாவின் மேல் பாய்ந்துவிடும். பையன் அப்பாவின் உடலை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பத்து நொடிதான். அதேபோல, சிறைப்பட்ட டூரன்டிடம் ஃபிரிம்பி என்பவன் பேசும் காட்சி. எங்கள் தளபதியைப் பிடித்துவிட்டால் நாங்கள் ஆயுதத்தைப் போட்டுவிட்டு உங்கள் ஜனநாயகத்தை ஏற்றுக்கொள்வோம் என்று நினைத்தீர்களா என்ற பொருளில் கேட்பான். படம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இந்த இரண்டு காட்சியும் எப்படி வந்திருக்கின்றன என்று பார்க்கும்போதுதான் மற்றவை இல்லாதது ஏமாற்றமாக இருக்கிறது.

சோமாலியராக நடித்த முக்கிய நடிகர்கள் சோமாலியர் அல்லர். படப்பிடிப்பு நடந்தது மொராக்கோவில். இசையும் அப்படித்தான். ஹான்ஸ் சிம்மரின் வேலை தனியாகக் கேட்கப் பிரமாதம். செனகல் நாட்டு பாபா மாலின் குரல் நெஞ்சைப் பிடிக்கும். ஆனால் செனகல் ஆப்பிரிக்காவின் மேற்கு முனை, சோமாலியா கிழக்கு முனை. கவிதைக்கும் பாட்டுக்கும் பேர்போன நாடு சோமாலியா, அதன் சொந்தக் குரலைக் கொஞ்சம் தேடியிருக்கலாம். படத்தில் வரும் உஸ்மான் அட்டோ என்ற வியாபாரி நிஜ மனிதர். நான் சுருட்டு பிடிப்பதில்லை, காதில் கடுக்கன் போடுவதில்லை, என்னிடம் யாரும் எதுவும் கேட்கவே இல்லை என்று அவர் பிபிசியிடம் சொன்னார்.

மீட்புப் படம் என்று பார்த்தால் எனக்கு இதைவிடப் பெரிய குறை இன்னொன்று. கடைசியில் இவர்களைக் காப்பாற்றியது யார்? நள்ளிரவில் உள்ளே போன மீட்பு அணியில் அமெரிக்காவின் பத்தாவது மலைப் படைப்பிரிவோடு பாகிஸ்தானின் நான்கு டாங்கிகளும் மலேசியாவின் காண்டோர் கவச வண்டிகளும் இருந்தன. மலேசிய ஓட்டுநர்கள் தங்களுக்குத் தெரியாத தெருக்களில், தங்கள் நாட்டுக்குச் சம்பந்தமில்லாத சண்டைக்குள், இருட்டில் வண்டி ஓட்டிக்கொண்டு போனார்கள். மத் அஸ்னான் அவாங் என்ற ஓட்டுநர் ராக்கெட் குண்டு பட்டு இறந்தார். மலேசியா அவருக்குத் தன் மிக உயர்ந்த வீர விருதைக் கொடுத்தது. ஒரு பாகிஸ்தான் வீரரும் இறந்தார். அந்தக் கவச வண்டிகள் வராமல் இருந்திருந்தால் விடியும்போது பலி எண்ணிக்கை எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். படத்தில் இவர்கள் வருகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. தாமதம் செய்பவர்களாக, உள்ளே இடமில்லை என்று சொல்பவர்களாக, கடைசியில் பாகிஸ்தான் படை தங்கியிருந்த விளையாட்டரங்கத்தில் தட்டில் தண்ணீர் டம்ளர் நீட்டுபவர்களாக வருகிறார்கள். அன்றைக்கு மலேசியப் படைக்குத் தலைமை தாங்கிய தளபதி அப்துல் லத்தீஃப் அகமது, எங்களை வெறும் பஸ் டிரைவர்களாகக் காட்டிவிட்டார்கள் என்று வருந்தினார். முஷாரஃபும் தன் சுயசரிதையில் இந்தப் படத்தைக் குறை சொல்லியிருக்கிறார். படத்தின் கடைசியில் இறந்த 19 அமெரிக்கர்களின் பெயர்கள் வரும் (பத்தொன்பதாவது ஆள் இரண்டு நாள் கழித்து முகாமில் குண்டு விழுந்து இறந்தவர்). அதில் மத் அஸ்னான் பெயருக்கு இடமில்லை. 2023-ல் மலேசியாவில் ஏட்ரியன் தே இயக்கத்தில் ‘மல்பாட்: மிசி பக்காரா’ என்று ஒரு படம் வந்தது. அதே இரவை மலேசியர் பக்கத்திலிருந்து சொல்கிறது. இருபத்திரண்டு ஆண்டு காத்திருந்து தங்கள் கதையைத் தாங்களே எடுக்க வேண்டியிருந்தது.

காலையில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஓடியே அரங்கத்துக்கு வந்து சேர்வதாகப் படம் காட்டும். நிஜத்தில் நேஷனல் தெருவில் வண்டிகள் நின்ற இடம் வரை ஓடி, அங்கே ஏறிக்கொண்டார்கள். இது சினிமாவுக்கான மாற்றம், எனக்கு இதில் பெரிய வருத்தமில்லை. அதைவிட, நொறுங்கிய ஹெலிகாப்டருக்குள் சிக்கிய விமானியின் உடலை வெட்டி எடுப்பதற்காகவே மீட்பு அணி வந்த பிறகும் விடியும் வரை அத்தனை பேரும் அங்கேயே காத்திருந்தார்கள் என்பதற்குப் படம் இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம். இறந்துபோன ஒருவனுக்காக உயிரோடு இருக்கும் நூறு பேர் காத்திருக்கலாமா? ‘யாரையும் விட்டுவிட்டு வரமாட்டோம்’ என்ற உறுதிமொழியின் முழு விலையும் அந்தச் சில மணி நேரத்தில்தான் இருக்கிறது.

ஹூட் என்ற டெல்டா வீரன் சொல்வதாக ஒரு கருத்து வரும்: சண்டை தொடங்கியதும் அரசியல் காணாமல் போய்விடும், பக்கத்தில் இருப்பவன் மட்டும்தான் முக்கியம். ஹூட் பல நிஜ வீரர்களைச் சேர்த்து உருவாக்கிய பாத்திரம். ஒரு சிப்பாய் அப்படிச் சொன்னால் அதை நான் மதிக்கிறேன், அவனுக்கு அது உண்மை. ஆனால் அதையே இயக்குநர் தன் பதிலாக வைத்துக்கொள்ளும்போது ‘ஏன் அங்கே போனார்கள்’ என்ற கேள்வியிலிருந்து நழுவுகிறார். படம் எடுக்க ஹெலிகாப்டர்களையும் அவற்றை ஓட்டும் ஆட்களையும் அமெரிக்க ராணுவமே கொடுத்தது. திரையில் பறப்பவை நிஜ பிளாக் ஹாக்குகள், அந்தக் கம்பீரம் அங்கிருந்து வருகிறது. அப்படி உதவி செய்யும்போது பென்டகன் திரைக்கதையைப் படித்துத்தான் சம்மதிக்கும். படப்பிடிப்பு முடிந்த சில மாதத்தில் செப்டம்பர் 11 நடந்தது, டிசம்பர் கடைசியில் படம் வந்தது. அன்றைய அமெரிக்காவில் இதை வீரகாவியமாகத்தான் பார்த்தார்கள்.

சின்னக் குறைகள் இரண்டு. தொடக்கத்தில் பிளேட்டோ சொன்னதாக ஒரு வாசகம் வரும். போரின் முடிவைப் பார்த்தவர்கள் இறந்தவர்கள் மட்டுமே என்ற கருத்து. அது பிளேட்டோ இல்லை, ஜார்ஜ் சான்டயானா எழுதியது. இரண்டாவது, கடைசியில் ஸ்மித்தின் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரேஞ்சர் அணித் தலைவன் எவர்ஸ்மன் பேசும் நீண்ட பேச்சு. அதற்குக் கொஞ்சம் முன்னால் மொத்த நடவடிக்கைக்கும் தலைமை தாங்கிய தளபதி கேரிசன் மருத்துவமனைக்குள் வருவார். தரையில் சிந்திய ரத்தத்தைக் குனிந்து துணியால் துடைப்பார். துடைக்கத் துடைக்க அது பரவும். அங்கேயே முடித்திருக்கலாம்.

சரி, உங்கள் மகன் விஷயம். அமெரிக்காவில் இதற்கு ‘R’ சான்றிதழ் கொடுத்தார்கள், அதாவது 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்க வேண்டும். பிளஸ் டூ வயதுக்கு, நீங்கள் பக்கத்தில் இருந்தால், பார்க்கலாம் என்றே சொல்வேன். ராணுவத்துக்குப் போக நினைக்கும் பையன் பார்க்க வேண்டிய படம் என்றும் சொல்வேன், ஏனென்றால் இது வேலையின் வலியை மறைக்கவில்லை. உட்காருவதற்கு முன் ஒரு தாளில் நடுவே ஒரு கட்டம் போடுங்கள், அதுதான் பிடிக்கப் போன கட்டிடம். நான்கு மூலையிலும் ரேஞ்சர்கள். வடகிழக்கே சில தெரு தள்ளி முதல் ஹெலிகாப்டர், தெற்கே தூரத்தில் இரண்டாவது. பெரிய ஹெல்மெட்டில் பெயர் எழுதியிருந்தால் ரேஞ்சர், சின்னக் கறுப்பு ஹெல்மெட் போட்டிருந்தால் டெல்டா. இது தெரிந்தாலே உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். தொடக்க எழுத்துகள் முடியும் இடத்தில் படத்தை நிறுத்தி ஜூலை 12 கதையை நீங்களே சொல்லிவிடுங்கள். அப்புறம் ஓட விடுங்கள். ஸ்மித் காட்சி இரண்டாம் பாதியில், இருட்டிய பிறகு வரும். அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடாமல் அவன் பக்கத்திலேயே இருங்கள்.